கட்டுவதும் அவிழ்ப்பதும்: 'காப்பு' என்னும் சொல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மார்கழியின் கடைசி நாளன்று கொங்கு வட்டாரத்தில் வீட்டு இறவாரம், வாசல் நிலை, மாட்டுத் தொழுவம், வயலின் மூலை ஆகிய இடங்களில் ஒரு சிறு தழைக்கொத்தைச் செருகி வைப்பார்கள். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் அதில் இருக்கும். மாவிலையோ தும்பையோ பிரண்டையோ உடன் சேர்வது ஊருக்கு ஊர் மாறும். இதற்குக் காப்புக் கட்டுதல் என்று பெயர். மாரியம்மன் திருவிழாவின் தொடக்கத்தில் பூசாரியின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவதற்கும் அதே பெயர்தான். கைக்குழந்தைக்கு அணிவிக்கும் வெள்ளி வளையம் காப்பு. நூலின் முகப்பில் தெய்வத்தை வேண்டிப் பாடும் செய்யுள் காப்பு. தெய்வத் திருமேனியை அரைத்த சந்தனத்தால் மூடுவது சந்தனக் காப்பு. சைவர் வழக்கில் திருநீறும் காப்பு.

தழை, கயிறு, உலோகம், செய்யுள், சந்தனம், சாம்பல் என்று ஒன்றோடொன்று ஒட்டாத இத்தனை பொருள்களுக்கு ஒரே பெயர் எவ்வாறு அமைந்தது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வினா. இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை எளிமையானது. காப்பு என்றால் வளையல். வளையலைப் போல மணிக்கட்டில் கட்டப்படுவதால் கயிறும் காப்பாயிற்று. கயிற்றைப் போலக் கட்டப்படுவதால் தழைக்கொத்தும் காப்பாயிற்று என்பார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்விளக்கம், செய்யுளையும் திருநீற்றையும் எதிரே வைத்தவுடன் தடுமாறுகிறது. சொல்லின் வடிவத்தையும் பழைய இலக்கிய ஆட்சிகளையும் இன்றைய சடங்கு வழக்கையும் சேர்த்துப் பார்த்தால் வளர்ச்சி இதற்கு நேர்மாறாக நடந்திருப்பது தெரிகிறது. காப்பு என்பது முதலில் ஒரு செயலின் பெயர். சடங்கு வழக்கில் அது, தீங்கு எளிதில் அண்டக்கூடிய ஓர் இடைப்பொழுதில் மட்டும் செய்யப்படும் செயலின் பெயராகச் சுருங்கியது. அச்செயலுக்குக் கருவியான பொருள்கள் பின்னர் அப்பெயரை வாங்கிக்கொண்டன.

சொல்லின் வடிவம்

காப்பு என்பதன் பகுதி 'கா' என்னும் வினை. காத்தான், காக்கிறான், காப்பான் என்று மூன்று காலத்திலும் இயல்பாக வழங்கும் இவ்வினையோடு 'பு' என்னும் தொழிற்பெயர் விகுதி சேரும்போது காப்பு பிறக்கிறது. மூத்தலைக் குறிக்கும் 'மூ' மூப்பு என்றும், கட்டுதலைக் குறிக்கும் 'யா' யாப்பு என்றும் ஆவது இதே முறையில்தான். கன்னடத்தில் காத்தலைக் குறிக்கும் காயு, தெலுங்கில் காவலைக் குறிக்கும் காபு, மலையாளத்தில் காக்குக என்னும் வினை ஆகியவை இதன் உறவுச் சொற்கள். இவை அனைத்திலும் நிற்கும் அடிப்படைப் பொருள் காவலே. ஆகவே இவ்வேர் திராவிட மொழிகளுக்குப் பொதுவான பழைய வினைவேர் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

'காத்திரு' என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். வயலைக் காப்பவனும் வழி பார்த்து நிற்பவனும் ஒரே வினையால் குறிக்கப்படுவது, காத்தல் என்பதன் உள்ளே விழித்திருத்தலும் ஓரிடத்தை விட்டு அகலாமையும் தொடக்கத்திலிருந்தே அடங்கியிருந்தன என்று காட்டுகிறது. தீங்கை எதிர்த்துத் தாக்கும் கருத்து இச்சொல்லில் இல்லை. இந்த நுட்பம், தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகையைப் பின்னால் பார்க்கும்போது உதவும்.

வினையிலிருந்து பொருளுக்குப் பெயர் செல்வதைத் தமிழ் இலக்கணம் தொழிலாகுபெயர் என்று சொல்லும். 'வற்றல் தின்றான்' என்னும்போது வற்றுதலாகிய தொழிலின் பெயர் வற்றிய பண்டத்திற்கு ஆகி வருகிறது. 'காப்பு அணிந்தான்' என்பதும் அவ்வகையில் அடங்கும். வளையல்தான் முதற்பொருள் என்று கொண்டால், வளையலின் பெயரிலிருந்து காத்தல் என்னும் வினை கிளைத்தது என்றாக வேண்டும். அதற்கு மொழியில் வழியே இல்லை.

திருக்குறளில் இச்சொல் சடங்கின் சாயல் சிறிதும் இல்லாமல் நிற்கிறது. "சிறைகாக்கும் காப்பெவன் செய்யும்" என்று தொடங்கும் 57ஆம் குறளில், சிறை வைத்துக் காக்கும் காவலையும் மனவுறுதியால் தன்னைத்தானே காக்கும் காவலையும் வள்ளுவர் ஒரே சொல்லால் குறித்து, இரண்டாவதே தலையானது என்கிறார். அங்கே காப்பு காவல் மட்டுமே. அப்படியானால் இந்தப் பொதுவான காவல், பேய்க்கும் பிணிக்கும் கண்ணேற்றுக்கும் எதிரான காவலாக எங்கே மாறியது?

புண்பட்டவன் வீடு

இதற்கு நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று புறநானூற்றின் 281ஆம் பாட்டு. அரிசில் கிழார் பாடிய இப்பாட்டில், போரில் புண்பட்டுக் கிடக்கும் வீரனின் மனைவி தன் தோழியை அழைக்கிறாள். இரவமரத் தழையோடு வேப்பந்தழையை வீட்டில் செருகி, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்க, மை இழுகி, ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகைத் தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப்பண் பாடி, வீடெங்கும் நறும்புகை எழுப்பி, "காக்கம் வம்மோ காதலம் தோழீ" என்கிறாள். காக்கம் என்பது தன்மைப் பன்மை வினைமுற்று. நாம் காப்போம், வா என்பது பொருள். எதைக் காப்பது என்பது பாட்டின் கடைசிச் சொல்லில்தான் வருகிறது: "நெடுந்தகை புண்ணே". இத்தனை ஏற்பாடும் அந்தத் திறந்த புண்ணுக்காக. புண்பட்டவனைப் பேய் அண்டும் என்பது அக்கால நம்பிக்கை.

இது தனி ஒருவரின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. புறநானூற்றின் 296ஆம் பாட்டிலும் வேப்பங்கிளை ஒடிப்பதும், காஞ்சி பாடுவதும், நெய் தோய்ந்த கையோடு ஐயவி புகைப்பதும் நடக்க, எல்லா வீடுகளிலும் ஆரவாரம் எழுகிறது. தொல்காப்பியம், நிலையாமையைப் பாடும் காஞ்சித் திணையின் துறைகளில் ஒன்றாகவே இதை வைத்து, புண்பட்ட கணவனைப் பேய் நெருங்காதபடி மனைவி காக்கும் நிலையைத் 'தொடாஅக் காஞ்சி' என்று பெயரிடுகிறது. ஒரு துறைப்பெயர் பெறும் அளவுக்கு அவ்வழக்கம் பரவலாக இருந்திருக்கிறது. ஐயவி புண்பட்டவன் வீட்டில் மட்டும் இல்லை. நற்றிணையின் 370ஆம் பாட்டில் மகப்பெற்றுக் கிடக்கும் தாயின் அருகே நெய்யோடு அது மின்னுகிறது. நெடுநல்வாடையில் அரண்மனைக் கதவின் நெடுநிலையில் நெய்யணிந்து அதை அப்பியிருக்கிறார்கள். புண், பேறு, வாசல் ஆகிய மூன்றும் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே திறப்பு உள்ள இடங்கள். இந்த ஒற்றுமை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

வேம்பை வீட்டில் செருகும் சங்ககாலச் செயலும் மார்கழி முடிவில் வேம்பை வீட்டில் செருகும் இன்றைய செயலும் கண்ணுக்கு நேராகப் பொருந்தி வருகின்றன. இதை மட்டும் வைத்து ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சியை அறுதியிட்டுச் சொல்வது அவசரம். வேம்பின் கசப்பும் மருத்துவக் குணமும் எந்தக் காலத்து மக்களையும் அந்த மரத்திடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும். ஆனால் பொருளோடு வினையும் ஒத்துப்போவது புறக்கணிக்கத்தக்கதன்று. அன்று 'காக்கம்' என்றார்கள். இன்று 'காப்பு' என்கிறோம்.

இரட்சையின் மொழிபெயர்ப்பா?

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். வடமொழியில் காத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து 'ரக்ஷா' என்ற சொல் உருவாகி, அதுவும் மந்திரக் காவல், காவற்கயிறு, திருநீறு ஆகியவற்றைக் குறிக்கிறது. திருநீற்றின் வடமொழிப் பெயர்களுள் இரட்சையும் ஒன்று. ஆகம வழிப்பட்ட கோயில்களில் திருவிழாத் தொடக்கத்தில் காப்பு நாண் கட்டுவதை ரக்ஷாபந்தனம் என்றே குறிப்பிடுவர். எனவே தமிழின் காப்பு, அதன் நேர் மொழிபெயர்ப்பாக இருக்கலாகாதா என்பது நியாயமான கேள்வி.

சடங்கைப் பொறுத்தவரை கொடுக்கல் வாங்கல் இருந்தது உறுதி. சுசுருத சங்கிதை என்னும் வடமொழி மருத்துவ நூலின் சூத்திரத்தானத்தில் 19ஆம் இயல், புண்பட்டவனைப் பேணும் முறையைச் சொல்லும்போது, இரவில் திரியும் தீய சக்திகள் அவனை அண்டாதிருக்கக் கடுகும் வேப்பிலையும் நெய்யும் உப்பும் சேர்த்து நாளுக்கு இருமுறை, பத்து நாள் புகையூட்டச் சொல்கிறது. அரிசில் கிழார் காட்டும் வீட்டுக்கும் இதற்கும் உள்ள நெருக்கம் வியப்பூட்டுவது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்பதைவிட, நாடு முழுவதற்கும் பொதுவாக இருந்த ஒரு மருத்துவ வழக்கை இரண்டும் தத்தம் மொழியில் பதிவு செய்தன என்று கொள்வதே பொருந்தும்.

சொல்லைப் பொறுத்தவரை நிலை வேறு. புறநானூற்றுப் பெண் தன் வீட்டு வழக்கைத் தன் வீட்டு வினையால் சொல்கிறாள். அங்கே மொழிபெயர்ப்பின் நெடி இல்லை. தொல்காப்பிய உரியியலும் 'கடி' என்னும் சொல்லுக்குப் பத்துப் பொருள் கூறுமிடத்தில் காப்பையும் அச்சத்தையும் அவற்றுள் இரண்டாக வைக்கிறது. அஞ்சுதலும் காத்தலும் ஒரே உரிச்சொல்லில் கூடி நிற்கும் அளவுக்கு அந்தக் கருத்துறவு தமிழில் முன்பே வேரூன்றியிருந்தது. பிற்காலத்தில் கோயில் வழக்கு விரிந்தபோது இரட்சை என்ற கலைச்சொல்லுக்கு ஈடாகக் காப்பு ஆளப்பட்டது. ஏற்கனவே அப்பொருளைச் சுமந்திருந்த சொல்லாதலால் அந்த ஈடு எளிதாக அமைந்தது. சடங்கில் கலப்பு உண்டு, சொல் தமிழுடையது என்பதே என் தீர்ப்பு.

அந்திப் பொழுதும் பிள்ளைப் பருவமும்

வினையாக இருந்தது பெயராகி, 'இடு', 'சாத்து' என்ற துணைகளோடு சடங்குச் சொல்லாக நிலைபெறுவதைப் பெரியாழ்வாரிடம் தெளிவாகக் காணலாம். திருவெள்ளறைப் பெருமானைக் குழந்தைக் கண்ணனாக வைத்து யசோதை அழைப்பதுபோல் அமைந்த பதிகத்தில், "அந்தியம் போதிதுவாகும் அழகனே காப்பிட வாராய்" என்று தாய் கெஞ்சுகிறாள். கஞ்சன் (கம்சன்) பேயை ஏவியிருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது, இருட்டுகிறது, பிள்ளை தெருவில் நிற்கிறான். இன்றும் அந்தி நேரத்தில் பிள்ளையை வெளியே விடாதே என்று பாட்டிமார் சொல்லும் அதே அச்சம். பகலுக்குக் காப்பு வேண்டியதில்லை, நடு இரவுக்குப் பிள்ளை வீட்டுக்குள் இருப்பான். இரண்டும் அல்லாத வேளைதான் தாயை அலைக்கழிக்கிறது. பதிகத்தின் பிற்பகுதியில் "திருக்காப்பு நான் உன்னைச் சாத்த" என்றும் வருகிறது.

அவரே பாடிய திருப்பல்லாண்டின் தொடக்கத்தில் இச்சொல் இன்னும் துணிச்சலாக ஆளப்படுகிறது. உலகைக் காப்பவனின் சிவந்த அடிகளைப் பார்த்து "உன் செவ்வடி செவ்வி திருக்காப்பு" என்கிறார் ஆழ்வார். கருடன்மேல் வந்து காட்சி தந்த பெருமானின் அழகுக்கு ஊறு நேருமோ என்று அஞ்சி இதைப் பாடினார் என்பது வைணவ மரபு. காக்க வேண்டியவன் காக்கப்படுபவனாக மாறும் இந்தத் தலைகீழ் உறவை வியாக்கியானக்காரர்கள் விரித்துச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள். நம் ஆய்வுக்கு வேண்டியது இவ்வளவே: இங்கே காப்பு கையில் கட்டும் எதுவும் இல்லை, வாயால் சொல்லும் வாழ்த்தே காப்பு. சம்பந்தர் பதிகங்களின் இறுதிப் பாட்டைத் திருக்கடைக்காப்பு என்று வழங்குவதையும், நூல்களின் முதற்பாட்டைக் காப்பு என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரு நூலுக்கு வாசல்கள். அங்கேதான் காவல் நிற்கிறது.

பிள்ளைத்தமிழில் இக்கருத்து இலக்கணமாகவே வகுக்கப்பட்டது. பத்துப் பருவங்களில் முதலாவது காப்புப் பருவம்; தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைத்துக் குழந்தையைக் காக்கும்படி வேண்டுவது. காத்தற்கடவுள் என்பதால் முதலில் திருமாலை வேண்ட வேண்டும் என்பது மரபு. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் சைவ நூலாயினும், அதன் காப்புப் பருவம் திருமாலிலிருந்தே தொடங்குகிறது. இப்பருவத்தில் தெய்வங்களின் கொலைச் செயல்களைச் சொல்லலாகாது என்றும், இத்தகைய நூல்வகைகளுக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்கள் விதிக்கின்றன. அசுரனை அழித்த வீரத்தைச் சொல்லி அழைத்தால்தானே பேய் அஞ்சி ஓடும் என்று நாம் நினைக்கலாம். மரபு அப்படி நினைக்கவில்லை. தாக்குவதும் காப்பதும் வேறு வேறு தொழில்கள், குழந்தையின் தொட்டிலருகே இரண்டாவதற்கு மட்டுமே இடம் உண்டு என்பது அதன் நிலைப்பாடு.

வளையல் எப்போது வந்தது

குழந்தைக்குக் காவலாக அணிகலன் பூட்டுவது சங்ககாலத்திலேயே உண்டு. ஆனால் அதன் பெயர் அங்கே காப்பு அன்று, தாலி. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஆகிய ஐந்து படைக்கலங்களின் உருவைக் கோத்த அணியை ஐம்படைத்தாலி என்பர். மழலை பேசும் குழந்தையின் வாய்நீரால் ஐம்படை நனைவதை மணிமேகலை காட்டுகிறது. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், இளம் வயதிலேயே போருக்குப் புறப்பட்ட பாண்டியன் நெடுஞ்செழியனை வியந்து, "தாலி களைந்தன்றும் இலனே" என்கிறார். குழந்தைப் பருவம் முடிந்ததும் அத்தாலியைக் களைந்துவிடுவார்கள், இவன் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை என்பது கருத்து. அணிவதைப் போலவே களைவதற்கும் ஒரு வேளை குறிக்கப்பட்டிருந்தது.

இந்த இடத்தைப் பிற்காலத்தில் கைவளையம் பிடித்துக்கொண்டபோது காப்பு என்ற செயற்பெயர் அதன்மேல் ஏறியது. பிள்ளைக்கு வசம்பைக் கோத்துக் கையில் கட்டுவது இன்றும் வழக்கத்தில் உள்ளது. வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று ஒரு பெயரே உண்டு. கருவுற்றவளுக்குச் செய்யும் வளைகாப்பில் சொல்லின் இரு பகுதிகளும் பிரிந்தே நிற்பது நம் வாதத்திற்குப் பெருந்துணை. வளையலும் காப்பும் ஒரே பொருளாயின் அக்கூட்டுச்சொல் கூறியது கூறலாகும். வளை என்பது பொருள், காப்பு என்பது அது செய்யும் வேலை என்று கொண்டால் சொல் செம்மையாக விளங்குகிறது. அந்த வளையல்களும் பேறு வரைக்குமானவையே.

திருவிழாக் காப்பில் கால எல்லை வெளிப்படையானது. காப்புக் கட்டியது முதல் பூசாரி நோன்பிருப்பார். பல ஊர்களில் காப்புக் கட்டிவிட்டால் ஊரார் வெளியூர் சென்று இரவு தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்துவிடும். கட்டப்பட்டது ஒருவர் மணிக்கட்டில் என்றாலும் கட்டுண்டது ஊர் முழுவதும். விழா முடிந்ததும் காப்பு அவிழ்க்கப்படும், கட்டுப்பாடும் நீங்கும். திருமணத்தில் மணமக்களுக்குக் கட்டும் கங்கணத்திற்கும் இதே நடைமுறைதான். அவிழ்த்தல் இல்லாத காப்பு முறைப்படி முற்றுப்பெற்ற காப்பு ஆகாது.

கண்ணேறு கழித்தலோடு ஒப்பிட்டால் இந்த வரையறை இன்னும் கூர்மையாகும். கல்லேறு என்பதில் எறியப்படும் கல்லைப் போல, கண்ணேறு என்பதில் பார்வை எறியப்படுகிறது. அது பட்ட பிறகு சுற்றிப் போடுவார்கள், கழிப்பார்கள். கழிப்பு நேர்ந்ததை நீக்குவது. காப்பு நேராமல் தடுப்பது. முன்னதற்கு ஒரு நொடி போதும், பின்னதற்கு ஒரு கால அளவு வேண்டும். வேலையில் ஒன்று மற்றொன்றுக்குத் துணையாக வந்தாலும், 'காப்புக் கழித்தேன்' என்றோ 'கண்ணேறு கட்டினேன்' என்றோ யாரும் சொல்வதில்லை. வினைகள் குழம்பாமல் இருப்பது பேசுவோர் மனத்தில் எல்லைகள் தெளிவாக இருப்பதன் அடையாளம்.

எல்லை தாண்டிய ஆட்சிகள்

இவ்விளக்கத்திற்கு முழுமையாக அடங்காத வழக்குகளும் உள்ளன. உழைத்த கையில் 'காப்புக் காய்த்தது' என்பதை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். அது காய் என்னும் வினையிலிருந்து வந்த காய்ப்பு, ஒலி மயக்கத்தால் இங்கே வந்து சேர்ந்தது. சந்தனக் காப்பு, வெண்ணெய்க் காப்பு ஆகியவற்றில் சொல் 'மேனியை மூடும் பூச்சு' என்ற பொருளுக்கு நகர்ந்துள்ளது. அந்த நகர்வு நடந்த வழியைத் திருவரங்கத்தில் காணலாம். அங்கே மூலவர் திருமேனி சுதை எனப்படும் சாந்தால் ஆனது. நீராட்டு இல்லை, தைலக்காப்புத்தான். மூடுகிற தைலம் சுதை சிதையாமல் உண்மையிலேயே காக்கிறது. அழகுக்காகப் பூசும் சந்தனத்திற்கும் அப்பெயர் பரவியதில் வியப்பில்லை. ஆண்கள் ஆண்டுக்கணக்கில் கழற்றாமல் அணியும் ஐம்பொன் காப்பில் கால எல்லை அழிந்து, அணிகலன் என்ற பொருள் மட்டும் மிஞ்சிவிட்டது. வளையல்தான் மூலப்பொருள் என்ற தவறான விளக்கம் இந்தக் கடைசி நிலையைப் பார்த்தே எழுந்திருக்க வேண்டும்.

செய்தித்தாள் தலைப்புகளில் மோசடி செய்தவருக்குக் 'காப்பு' என்று வரும் கைவிலங்கு, இந்த அணிகலன் பொருளிலிருந்து கிண்டலாகப் பிறந்தது. குறளின் 'சிறைகாக்கும் காப்பு' நேராக இங்கே வந்து இறங்கியது என்று சொல்ல ஆசையாக இருந்தாலும், வினை அதற்கு இடம் தரவில்லை. சடங்குக் காப்பைக் கட்டுவார்கள், இடுவார்கள், சாத்துவார்கள். விலங்கை மட்டும் மாட்டுவார்கள், வளையலைப் போல.